இயங்கு கோப்பில் பொறித்த பதிப்பெண்



நூலொன்றை எடுத்தால் எத்தனையாம் பதிப்பு என்பதை முதற் பக்கங்களிலேயே காண்கிறோம். கணிப்பொறியின் இயங்கு கோப்போ நம் கண்ணுக்கு வெறும் எண் குவியல். பதிப்பை அதற்குள்ளேயே பொறித்து வைத்தல் வேண்டும்.

1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் தொடங்கிய எஸ்.சி.சி.எஸ். முறையில் @(#) என்னும் நான்கு குறிகளை அடுத்துப் பதிப்பு விவரம் எழுதப்பட்டது. ‘வாட்’ என்னும் யூனிக்ஸ் கட்டளை கோப்பு முழுவதையும் துழாவி, அக்குறிகளுக்கு அடுத்துள்ளதைக் காட்டும். எளிய உபாயம், நாம் மெச்சுவதும் அதனையே. விண்டோஸில் இதற்கெனத் தனிப் பகுதியுண்டு: நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 65,535 வரை. மாக்கில் நிரலோடு ஓர் உறையில் வைத்த தனிக் கோப்பு. லினக்ஸிலோ விதித்த இடமில்லை, எழுதியவர் மனம்போல.

இதனால் என்ன என்பீர்கள். 2014 ஏப்ரலில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்னும் ஓட்டை வெளிப்பட்டது. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை பழுது, 1.0.1ஜி திருத்தம் பெற்றது. ஆனால் டெபியன், உபுண்டு வெளியீட்டாளர்கள் பழைய பதிப்பிலேயே ஓட்டையை அடைத்து, எழுத்தை மாற்றாது விட்டனர். பதிப்பெண்ணை மட்டும் பார்த்தவருக்கு அடைபட்ட கோப்பும் பழுதாகவே தோன்றும். கட்டிய நாளையும் தொகுப்பின் எண்ணையும் சேர்த்துப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

2022இல் வந்த கோ மொழியின் 1.18ஆம் பதிப்பு, மூலத்தின் திருத்தக் குறியீட்டையும், பதியாத மாற்றம் ஏதும் இருந்ததா என்பதையும் தானே கோப்பினுள் எழுதிவிடுகிறது. கணிப்பொறி பயிலும் நம் பிள்ளைகள் அதனைத் திறந்து பார்க்கட்டும்.