“இதுல எது நல்லாயிருக்கும், மிஸ்?”

(கிண்டியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

புத்தகங்களைத் தேடித் தரும் இணையதளங்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு முன் என் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அழைத்துப் போனேன. கிண்டிக்குப் பக்கம்தான், ஆனாலும் பாதிப் பேர் அன்றுதான் முதல்முறையாக உள்ளே வருகிறார்கள். குழந்தைகள் பிரிவில் ஒரு அலமாரி முன்னால் வெகுநேரம் நின்ற அந்த மாணவி, “இவ்ளோ இருக்கே, இதுல எது நல்லாயிருக்கும், மிஸ்?” என்றாள். “எடுத்துப் படிச்சுப் பாரும்மா” என்றேன். தப்பித்துக்கொள்ளச் சொன்ன பதில் அது. அங்கிருந்த தமிழ்ச் சிறார் நூல்களில் நான் படித்தவை ஐந்தாறுகூட இருக்காது.

அன்றிரவு கைபேசியில் தேட உட்கார்ந்தேன். முதலில் வந்தது நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்ட குட்ரீட்ஸ். 2007-இல் தொடங்கிய தளம், 2013-இல் அமேசான் வாங்கிவிட்டது. புத்தகம் விற்கும் கடையும் புத்தகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் இடமும் ஒரே கையில் இருக்கின்றனவே என்று குறை சொல்பவர்கள் உண்டு. என் சங்கடம் வேறு. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நூல். ஆனால் அவர் பெயரை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதலாம். ஒருவர் தமிழில் பதிகிறார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் பதிகிறார். இப்படி ஒரே எழுத்தாளரின் நூல்கள் தனித்தனிப் பக்கங்களில் சிதறிவிடும். நல்ல வாசகர் ஒருவர் மனம்விட்டு எழுதிய நாலு வரி, தேடுபவர் கண்ணில் படாமலே போய்விடும்.

நட்சத்திரக் குறிகளையும் அப்படியே நம்ப முடியாது. 2023-இல் எலிசபெத் கில்பர்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் நாவல் ஒன்று அறிவிக்கப்பட்டது. கதை ரஷ்யாவில் நடக்கிறது என்பதற்காக, புத்தகம் அச்சாகி வருமுன்னரே நூற்றுக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். அவர் வெளியீட்டையே நிறுத்திவைத்தார். படிக்காதவர்கள் போட்ட மதிப்பெண் அது! நம்மில் யாராவது விடைத்தாளைப் பிரிக்காமல் மதிப்பெண் போடுவோமா?

மாற்றுத் தளங்களும் இருக்கின்றன. 2005-இல் டிம் ஸ்பால்டிங் தொடங்கிய லைப்ரரிதிங், நம் வீட்டு அலமாரியை அப்படியே பட்டியலிட உதவுகிறது. எனக்குப் பிடித்தது ஸ்டோரிகிராஃப். நாடியா ஒடுனாயோ என்ற மென்பொருள் பொறியாளர் தனி ஆளாகத் தொடங்கியது. படித்தவரிடம் அந்தத் தளம் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: கதை வேகமாகப் போகிறதா, மெதுவாகவா? கதையை நகர்த்துவது சம்பவங்களா, மனிதர்களா? படித்தபோது மனநிலை எப்படி இருந்தது?

இந்தக் கேள்விகளைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. ‘புத்தக அறிமுகம்’ என்று நான் கொடுத்துவந்த படிவத்தில் ஆசிரியர் பெயர், பதிப்பகம், விலை, நூல் கூறும் நீதி என்று நான்கு கட்டங்கள். பிள்ளைகள் பின்னட்டையைப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். வேறென்ன செய்வார்கள்? க.நா.சு. அந்தக் காலத்திலேயே ‘படித்திருக்கிறீர்களா?’ என்று தலைப்பு வைத்து, தாம் படித்து ரசித்ததைச் சொல்லித் தமிழ் வாசகரைப் புத்தகங்களிடம் கூட்டிப்போனார். நான் பிள்ளைகளிடம் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

படிவத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, நூலக அலமாரிப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு நோட்டைக் கயிற்றில் தொங்கவிட்டேன். பெயர் எழுத வேண்டாம், பிடிக்கவில்லை என்றும் எழுதலாம், எழுத்துப் பிழையைத் திருத்த மாட்டேன் என்று சொன்னேன். (கடைசி வாக்குறுதியைக் காப்பாற்றத்தான் மிகவும் சிரமப்பட்டேன்.) முதல் வாரம் ‘சூப்பர்’, ‘மொக்கை’ என்ற இரண்டு சொல்தான். பிறகு ஒருவர் எழுதினார்: “முதல் பத்து பக்கம் போர். நாய் வந்ததும் சூப்பர்.” அடுத்த வாரம் நான்கு பேர் வந்து “நாய் வர்ற புக்” கேட்டார்கள். தலைப்பு யாருக்கும் தெரியாது.

இன்னொரு குறிப்பு: “எழுத்துக் கூட்டிப் படிச்சாலும் முடிச்சிரலாம். நான் முடிச்சேன்.”

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போகும் பையன். நம் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிநிலையாகத் தந்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏழாம் வகுப்புப் பையன் நண்பர்கள் முன்னால் ‘நுழை’யைக் கையில் எடுக்கக் கூசுவான். அவனுக்கு அவனைப் போன்ற ஒருவன் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் குறிப்புக்குப் பிறகு அந்தப் புத்தகம் அலமாரியில் தங்கவேயில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இந்தக் குறிப்புகளை இணையத்தில் ஏற்றலாமே என்று ஒரு ஆசிரிய நண்பர் கேட்டார். ஏற்றலாம், ஆனால் நம் கணக்கில், பிள்ளையின் பெயரோ வகுப்போ படமோ இல்லாமல், பெற்றோரிடம் சொல்லிவிட்டு. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழுள்ள எல்லோரும் குழந்தைகளே. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

நாம் செய்யக்கூடிய வேறொரு வேலை இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் ஓப்பன் லைப்ரரி என்ற தளம், உலகில் வெளிவந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்று தொடங்கப்பட்டது. இலவசக் கணக்கு வைத்திருக்கும் யாரும் அதில் நூல் விவரம் சேர்க்கலாம், தவறு இருந்தால் திருத்தலாம். தலைப்பும் எழுத்தாளர் பெயரும் முதலில் தமிழில், பிறகு ஆங்கில எழுத்தில். ஐஎஸ்பிஎன் எண் இருந்தால் அதையும் பார்த்துப் போட வேண்டும். பெயரை எப்படி எழுதினாலும் அந்த எண் மாறாது. பழைய நூல்கள் பலவற்றில் அது இருக்காது. பதிப்பகமும் ஆண்டும் போதும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பள்ளி நூலகத்திலிருந்து ஆளுக்கு மூன்று தமிழ்ச் சிறார் நூல்கள் கொண்டுவாருங்கள். முன்னதாகப் படித்துவிட்டு வாருங்கள். கணினி அறையில் உட்கார்ந்து ஒன்றாகப் பதிவோம். நாய் வரும் புத்தகத்தை நான் கொண்டுவருகிறேன், அதற்குள் அது அலமாரிக்குத் திரும்பியிருந்தால்.