அடுப்படியில் பிள்ளைகளுக்கும் ஓர் இடம்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் கூடுகையில் எங்கள் உணவு ஆலோசகர் ஆற்றிய உரை)



மருத்துவமனையிலிருந்து வருகிறவர்கள் வியாதியைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசுவதுதான் வழக்கம். நான் சமையலைப் பற்றிப் பேசப்போகிறேன். காரணம் இருக்கிறது. பிள்ளைகள் பகுதியில் என் மேஜைக்கு முன்னால் வந்து உட்காரும் தாய்மாரில் அநேகர் சொல்லுகிற வார்த்தை ஒன்றுதான். “சிஸ்டர், இவன் காய்கறியைத் தொடவே மாட்டேங்கிறான்.” பிள்ளையின் கீழ் இமையைச் சற்று இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருக்கும். கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்குகிறது, வகுப்பில் தூங்குகிறான் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுச் சங்கதி அல்ல. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது. அதற்குப் பூச்சித்தொல்லை, அடிக்கடி வரும் காய்ச்சல் என்று பல காரணங்கள் உண்டு. ஆனாலும் இரும்புச் சத்துக் குறைந்த உணவு முக்கியமான காரணம். டாக்டர் பூச்சி மாத்திரையும் இரும்புச் சத்து மருந்தும் கொடுப்பார். அதைத் தவறாமல் கொடுக்கவேண்டும். ஆனால் மருந்து சில மாதங்களில் முடிந்துபோகும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைக் காப்பது தட்டில் விழுகிற சாப்பாடுதான்.

அரசுப் பள்ளிகளில் மதிய உணவு உண்டு. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் கொடுக்கிறார்கள். இது பெரிய உதவி. ஆனால் மாலையும் இரவும் விடுமுறை நாளும் நம் பொறுப்பில்தான் இருக்கின்றன. அந்த நேரங்களில்தான் கடையில் தொங்கும் பாக்கெட் வீட்டுக்குள் வருகிறது. உப்பும் எண்ணெயும் மிகுந்த அந்த வறுவலால் பசி அடைந்துபோகும், பிள்ளைக்கு வேண்டிய சத்து சேராது.

ஆகவே இன்றைக்கு நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பிள்ளையை அடுப்படியை விட்டு விரட்டாதீர்கள். அந்தந்த மாதத்தில் விளைகிற காயை வாங்கி வந்து, அதை ஆயவும் உரிக்கவும் பிசையவும் பிள்ளையிடம் கொடுங்கள். தன் கை பட்ட காயைப் பிள்ளை எளிதில் ஒதுக்காது. 2014ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து வெளியிட்டார்கள். தாய் தகப்பனோடு சேர்ந்து சமைத்த பிள்ளைகள், சமைக்காத பிள்ளைகளைவிட அதிகமாகப் பச்சைக் காய்கறிக் கலவையைச் சாப்பிட்டார்கள்.

நமக்குத் தெரிந்த காரியம்தான்

இதற்காகச் சுவிட்சர்லாந்து வரைக்கும் போகவேண்டியதில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துச் சபைகளில் அசனம் நடக்கும்போது பாருங்கள். முந்தின நாளே ஊர் கூடி உட்கார்ந்து காய்கறி வெட்டும். சிறு பிள்ளைகள் வெங்காயமும் பூண்டும் உரிப்பார்கள். மறுநாள் பந்தியில் “இது நான் உரிச்ச வெங்காயம்” என்று சொல்லிச் சாப்பிடுவார்கள். வீட்டில் கத்தரிக்காயை ஒதுக்கி வைக்கிற பிள்ளைகூட அங்கே ஒதுக்குவதில்லை. அந்த வழக்கத்தை வாரத்துக்கு ஒரு நாள் நம் வீட்டுக்குள் கொண்டுவந்தால் போதும்.

அதைப்போலவே அறுப்பின் பண்டிகைக்கு நாம் என்ன கொண்டுபோகிறோம்? அந்த நாளில் தோட்டத்தில் விளைந்ததைத்தான் கொண்டுபோகிறோம். பூசணிக்காய், வாழைத்தார், தேங்காய், கீரைக்கட்டு. வீட்டுச் சமையலுக்கும் அதுவே நல்ல வழி. அந்தப் பருவத்தில் விளைகிறது விலை மலிவாயிருக்கும், வாடாமல் கிடைக்கும், ருசியும் அதிகம்.

தை, மாசியில் மொச்சை, அவரை, பச்சைத் துவரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பனங்கிழங்கு, நெல்லிக்காய் ஆகியவை வரும். தென்மாவட்டங்களில் சிறுகிழங்கு வரும். அதைச் சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தோல் நீக்குவோமே, அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுப்பாருங்கள், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டார்கள். வேலூர், கிருஷ்ணகிரி பக்கம் மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுப்பார்கள். அதுவும் பிள்ளைகளுக்கு விளையாட்டுதான்.

பங்குனி முதல் ஆனி வரை முருங்கைக்காய், மாங்காய், மாம்பழம், வெள்ளரி, நுங்கு, தர்பூசணி. ஆடிக்குப் பிறகு புடலை, பீர்க்கு, சுரை, கீரை வகைகள், சீத்தாப்பழம், கொய்யா. ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை சேறாக வரும், விலையும் ஏறும். அப்பொழுது பரங்கிக்காய் கைகொடுக்கும். நன்றாக முற்றின பரங்கிக்காய் பல நாள் கெடாமல் இருக்கும்.

எவ்வளவு சாப்பிடவேண்டும் என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன அளவு இது: காய்கறியும் பழமும் சேர்த்து ஒரு நாளைக்கு 2 முதல் 5 வயது வரை குறைந்தது 250 கிராம், 6 முதல் 9 வயது வரை 350 கிராம், 10 வயதுக்கு மேல் 400 கிராம். சாம்பாரில் மிதக்கும் இரண்டு துண்டு முருங்கைக்காய் இந்தக் கணக்குக்குப் போதாது.

வயதுக்கு ஏற்ற வேலை

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளை முருங்கைக்கீரை உருவலாம், கறிவேப்பிலை உருவலாம், காய்களைக் கழுவலாம். ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளை பட்டாணியும் மொச்சையும் உரிக்கலாம், சின்ன வெங்காயம் உரிக்கலாம், எலுமிச்சம்பழம் பிழியலாம், மாவு பிசையலாம். ஒன்பது, பத்து வயதுக்கு மேல் நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு சிறு கத்தியால் வெண்டைக்காய், வெள்ளரிக்காய் நறுக்கப் பழக்கலாம். அரிவாள்மனையைக் கொடுக்காதீர்கள். எந்த வயதானாலும் முதலில் சோப்புப் போட்டுக் கைகழுவவேண்டும்.

ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். “அவன் ஆம்பிளப் பிள்ளை, அவனுக்கு எதுக்கு” என்று சில ஆச்சிமார் சொல்லுவார்கள். ஆச்சி, நாளைக்கு அவன் வேலைக்கென்று வெளியூர் போய்த் தனியாக இருக்கும்போது மூன்று வேளையும் கடைச் சாப்பாடு சாப்பிட்டால் உங்களுக்குத்தானே மனசு கஷ்டப்படும்?

மூன்று எளிய பண்டங்கள்

முதலாவது, முருங்கைக்கீரை அடை. இரண்டு கப் கேழ்வரகு மாவு, ஒரு கப் உருவின முருங்கை இலை, பொடியாக நறுக்கின சின்ன வெங்காயம் பத்து, இரண்டு கரண்டி தேங்காய்த் துருவல், உப்பு. வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துப் பிள்ளையைப் பிசையச் சொல்லுங்கள். எண்ணெய் தடவிய வாழை இலையில் அதுவே தட்டட்டும். கல்லில் போட்டு எடுப்பது உங்கள் வேலை. கேழ்வரகு மாவு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கீரையிலும் கேழ்வரகிலும் உள்ள இரும்புச் சத்து தனியாகச் சாப்பிட்டால் உடம்பில் கொஞ்சமாகத்தான் சேரும். வைட்டமின் சி கூட இருந்தால் அதிகமாகச் சேரும். ஆகவே அடையோடு நெல்லிக்காய்த் துவையல் வையுங்கள், அல்லது சாப்பிட்டவுடன் ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள். டீயும் காப்பியும் இரும்புச் சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். சாப்பாட்டோடு பிள்ளைக்கு டீ கொடுக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். மீன், நெத்திலி, கறி சமைக்கிற வீடுகளில் கீரையும் கூட இருக்கட்டும். மீனும் கறியும் கீரையின் இரும்புச் சத்து சேர உதவும்.

இரண்டாவது, வெள்ளரி மாங்காய்க் கோசுமல்லி. இதற்கு அடுப்பே வேண்டாம். அரை கப் பாசிப்பருப்பைக் கொதித்து ஆறின தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். இரண்டு வெள்ளரிப்பிஞ்சு, சிறு துண்டு மாங்காய், கொஞ்சம் தேங்காய்த் துருவல், மல்லித்தழை, உப்பு சேர்க்கவேண்டும். கலப்பதும் எலுமிச்சை பிழிவதும் ருசி பார்ப்பதும் பிள்ளையின் வேலை. பச்சையாகச் சாப்பிடுவதால் காய்களை நன்றாகக் கழுவுங்கள். செய்தவுடன் சாப்பிட்டுவிடவேண்டும், இரவுக்கு எடுத்துவைக்கக்கூடாது.

மூன்றாவது, பரங்கிக்காய்ப் பொரியல். மழைக்காலத்துக்கு ஏற்றது. கடுகு, சின்ன வெங்காயம் தாளித்து, துண்டு போட்ட காயோடு தண்ணீரை அளவாகத் தெளித்து, மூடி வேகவைத்து, தேங்காய்த் துருவல் தூவி இறக்குங்கள். மஞ்சள் நிறக் காய்களிலும் பழங்களிலும் கீரைகளிலும் இருக்கும் கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். அது கண்ணுக்கு நல்லது. எண்ணெயோ தேங்காயோ சேர்ந்தால்தான் கரோட்டின் உடம்பில் நன்றாகச் சேரும். ஆகவே ஒரு கரண்டி எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்கவேண்டாம்.

எந்தக் காயானாலும் கழுவிய பிறகு நறுக்குங்கள். நறுக்கிய பிறகு தண்ணீரில் போட்டுவைத்தால் சத்து தண்ணீரோடு போய்விடும். எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள்.

ஜாக்கிரதை வேண்டும்

தீக்காயத்தோடு வருகிற பிள்ளைகளையும் நான் பார்க்கிறவள். ஆகவே இதைச் சொல்லாமல் போகமுடியாது. தாளிப்பது, குக்கர் திறப்பது, கஞ்சி வடிப்பது, கொதிக்கிற பாத்திரத்தை இறக்குவது, இந்த நான்கும் பெரியவர்கள் வேலை. வாணலியின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. அடுப்பருகே வரும் பிள்ளைக்கு நைலான் துணி உடுத்தாமல் பருத்தித் துணி உடுத்துங்கள். பிள்ளைக்குரிய இடம் அடுப்பிலிருந்து தள்ளி, ஒரு பாய் விரித்து இருக்கட்டும். தவறிச் சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் பூசாதீர்கள். பிறகு டாக்டரிடம் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. சிறு பிள்ளைகள் கடலையையும் பட்டாணியையும் வாயில் போட்டுக்கொண்டு ஓடினால் மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலை கொடுக்கவேண்டாம். மொச்சையைப் பச்சையாகத் தின்னவிடாதீர்கள். நன்றாக வெந்த பிறகுதான் கொடுக்கவேண்டும்.

“நேரம் எங்கே?”

வயலுக்கும் தீப்பெட்டிக் கம்பெனிக்கும் போய்விட்டு, பொழுது சாய்ந்து வருகிற தாய் இப்படித்தான் கேட்பாள். கேள்வி நியாயமானது. பிள்ளை உதவினால் முதல் சில வாரம் வேலை இரட்டிப்பாகும். மாவு சிந்தும், இலையோடு காம்பும் விழும். அதற்காகத் தினமும் செய்யவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்த பிறகு ஒரு மணி நேரம், அல்லது சனிக்கிழமை சாயங்காலம். மற்ற நாளில் நீங்கள் சமைக்கும்போது பிள்ளை கறிவேப்பிலை உருவினால் போதும். ஓராண்டு கழித்து அதே பிள்ளை உங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்து வைத்திருக்கும்.

சமைத்த பிறகும் சாப்பிட மறுத்தால்? திட்டவேண்டாம், வாயில் திணிக்கவேண்டாம், “சாப்பிட்டால் சாக்லேட்” என்று பேரம் பேசவும் வேண்டாம். புதிய ருசி பிள்ளைக்குப் பழக எட்டு, பத்து முறைகூட ஆகலாம். ஒரு வாய் ருசி பார்த்தாலே போதும் என்று விட்டுவிட்டு, அடுத்த வாரம் அதையே மறுபடியும் வையுங்கள். நீங்களும் அதே காயைப் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தகப்பன் கீரையை ஒதுக்கி வைத்தால் பிள்ளையும் ஒதுக்கும்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு முழம் இடம் இருந்தால் ஒரு முருங்கைப் போத்து நட்டுவையுங்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் அதற்குப் போதும். அதற்குத் தண்ணீர் விடுகிற பொறுப்பை உங்கள் வீட்டிலேயே சிறிய பிள்ளைக்குக் கொடுங்கள்.

முடிவாக, உங்கள் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற அறுப்பின் பண்டிகைக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும், தாய் துணையோடு தாங்களே செய்த ஒரு பண்டத்தைக் கொண்டுவரட்டும். அந்த மாதத்தில் விளைந்த காயிலோ பழத்திலோ செய்ததாக இருக்கவேண்டும். பரிசு ஒன்றும் வைக்கவேண்டாம். எல்லாரும் கூடி உட்கார்ந்து அதைச் சாப்பிடுங்கள். முதலாவது கைகழுவச் சொல்லுங்கள்.