பீடித் தட்டும் வீட்டுப்பாடமும்



முக்கூடல், வீரவநல்லூர் பக்கம் பணியாற்றுவோருக்குப் பீடித் தட்டு புதிதல்ல. தாமிரபரணிப் பாசன வயல்களில் கதிர் அறுத்த பெண்களின் வேலைநாள்களை அறுவடை இயந்திரம் குறைத்துவிட்டது. மிஞ்சியது மடியில் இருக்கும் தட்டுதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. எண்ணிக்கை கூடவேண்டுமானால் முனை மடக்கப் பிள்ளையின் கையும் வேண்டும். வீட்டுப்பாடம் எழுதாத எட்டாம் வகுப்பு மாணவியை ஒருநாள் கடிந்துகொண்டேன். அவள் விரல் நுனிகளைப் பார்த்தபின் எனக்குத்தான் வெட்கமாயிற்று.

இன்று கங்கைகொண்டான் சிப்காட் ஆலைகளுக்கு நம் ஊர்ப் பெண்களும் பேருந்தில் போகிறார்கள். ஆனால் நல்ல வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ கேட்கிறார்கள். வயல் சுருங்கிவிட்டது, ஆலைக்குச் சான்றிதழ் வேண்டும். இடையில் நிற்பவள் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை.

1976ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. அதையொட்டி அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. அதற்குத் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும். இங்கேதான் சிக்கல்: பல வீடுகளில் இலை வாங்கும் பாஸ் புத்தகம் மாமியார் பெயரில், பீடி சுற்றுவது மருமகள்! விண்ணப்பம் தள்ளுபடியான பிறகுதான் நமக்கே தெரியவருகிறது. ஆகவே ஜூன் மாதத்திலேயே தாயை அழைத்து, "அட்டை யார் பேர்ல இருக்கும்மா?" என்று கேட்டுவிடுங்கள்.