கேஸ்லைட் பண்றதுன்னா என்ன?

இன்னைக்கு நாம எடுத்திருக்கிற வார்த்தை, கேஸ்லைட். இன்ஸ்டா கமெண்ட்ல, ஆபீஸ் சாட்ல, பிரேக்அப் கதைகள்ல எல்லாம் இப்போ சர்வசாதாரணமா வருது. "அவன் என்னை கேஸ்லைட் பண்றான்"னு சொல்றோம். சரி, கேஸ் விளக்குக்கும் மனுஷங்க உறவுக்கும் என்ன சம்பந்தம்?

கதை இங்கிலாந்துல தொடங்குது. 1938-ல் பேட்ரிக் ஹாமில்டன் என்ற எழுத்தாளர் 'கேஸ் லைட்' என்ற நாடகத்தை எழுதினார். கதை நடக்கிற இடம் 19-ஆம் நூற்றாண்டு லண்டன். அப்போ வீடுகள்ல கேஸ் விளக்குதான். மேல் மாடியில் புதுசா ஒரு விளக்கை ஏத்தினா, கீழ் அறையில் வெளிச்சம் கொஞ்சம் மங்கும்.

இந்தச் சின்ன விஷயம்தான் நாடகத்தோட அச்சாணி. கணவன் தினமும் சாயங்காலம் வெளியே போறதா சொல்லிட்டு, யாருக்கும் தெரியாம பூட்டிக் கிடக்கிற மேல் மாடிக்கு வந்து நகைகளைத் தேடுறான். கீழே மனைவி பார்க்கிறாள், விளக்கு மங்குது. மேலே காலடிச் சத்தமும் கேக்குது. ஆனா அவன், பொருள்களை ஒளிச்சு வச்சுட்டு "நீதான் எடுத்தே, உனக்குத்தான் ஞாபகம் இல்லை"ன்னு சொல்லிச் சொல்லியே அவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு அவளையே நம்ப வைக்கிறான்.

1944-ல் ஜார்ஜ் க்யூகர் இதை ஹாலிவுட்ல படமா எடுத்தார். மனைவியா நடிச்ச இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைச்சது. சுவாரஸ்யம் என்னன்னா, படத்துல யாருமே கேஸ்லைட்டை வினைச்சொல்லா சொல்றதில்லை. தலைப்பா இருந்தது, பின்னாடி மக்கள் வாயில வினைச்சொல்லா மாறிடுச்சு. 1960-களிலேயே அச்சுல வந்தாச்சு. 2022-ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இதை ஆண்டின் சொல்லா அறிவிச்சது. அந்த வருஷம் அவங்க தளத்துல இந்தச் சொல்லைத் தேடினது 1,740 சதவீதம் கூடியிருந்ததாம்.

பிரபலமானதுல ஒரு சிக்கலும் இருக்கு. இப்போ எல்லாச் சண்டைக்கும் இதே பேர். வீட்ல உட்கார்ந்துக்கிட்டு "டிராஃபிக்ல இருக்கேன்"னு சொன்னா, அது வெறும் பொய். "அன்னைக்கு நடந்தது எனக்கு வேற மாதிரி ஞாபகம்"னு ஒருத்தர் சொன்னா, அது கருத்து வேறுபாடு. கேஸ்லைட் பண்றது வேற. நீங்க கண்ணால பார்த்ததை, காதால கேட்டதை ஒருத்தர் திரும்பத் திரும்ப மறுத்து, "பிரச்னை உன் மூளையிலதான்"னு உங்களையே உங்கமேல சந்தேகப்பட வைக்கிறது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? ஒத்துப்போகாத எல்லாரையும் இப்படிச் சொல்லிட்டா, நிஜமாவே மாட்டிக்கிட்டவங்க உதவி கேக்கும்போது "இவங்களும் சும்மா சொல்றாங்க"ன்னு நாம கடந்து போயிடுவோம்.

அந்தப் படத்துல அவளை மீட்டது எது தெரியுமா? வீட்டுக்கு வந்த துப்பறியும் அதிகாரி அந்த விளக்கு மங்குறதைத் தானும் பார்த்துட்டுச் சொல்றார். அவ்வளவுதான். இன்னொரு ஜோடிக் கண்!

அதனால, உங்களுக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்தா, தேதி போட்டு எழுதி வைங்க, மெசேஜை அழிக்காதீங்க, நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட பேசுங்க. யாராவது உங்ககிட்ட வந்து சொன்னா, தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி அந்த விளக்கை ஒரு தடவை நீங்களும் பாருங்க.

அடுத்த எபிசோடுல இன்னொரு வார்த்தையோட சந்திப்போம்.