மிச்சத்தில் பிறந்த பாட்டுக்காரி
(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் ஏ-லெவலோடு படிப்பை விட்டவன். பேச்சாளன் அல்ல. தொழிற்சாலையில் இரவு வேலை, ரேடியோதான் துணை. 2020 ஜூலையில் ஒரு நாள், ஆனி றோஸ் என்ற பாடகி நியூயோர்க்கில் காலமானார் என்று செய்தி சொன்னார்கள். தொண்ணூறு வயதாக நாலு நாள்தான் இருந்ததாம். பிறந்த ஊர் மிச்சம் என்றார்கள். தூட்டிங்குக்குப் பக்கத்தில், எங்கட ஆட்கள் வீடு வாங்குகிற அதே மிச்சம்தான்! அதுதான் காதைக் கொடுத்துக் கேட்டேன்.

தாய் தகப்பன் ஸ்கொட்லாந்து மேடைக் கலைஞர்கள். நாலு வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பல். ஆகக் குறைஞ்ச ரிக்கற், கப்பலின் அடித்தட்டு. அங்கே வானொலிப் போட்டி ஒன்றில் பிள்ளை வென்றது. பரிசு, எம்.ஜி.எம். சினிமாக் கொம்பனியின் ஒப்பந்தம். உடனே பிள்ளையைத் தாயின் சகோதரி எல்லா லோகனிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். எல்லாவும் பெயர் பெற்ற பாடகி. ஏழு வயதிலேயே பிள்ளை படத்தில் பாடியது. 1943இல் ஜூடி கார்லண்டுக்குத் தங்கையாக நடித்தது. ஆனால் பெற்றோரை மீண்டும் கண்டது 14 வருடம் கழித்து.

பிறகு ஜாஸ். எங்கட சங்கீதத்தில் சிட்டைஸ்வரத்துக்குச் சாகித்தியம் வைப்பார்கள் அல்லவா? அதுபோல, வார்டெல் கிரே சக்சபோனில் வாசித்த ஒரு துண்டுக்கு, சுரத்துக்குச் சுரம் சொல் வைத்து 1952இல் பாடினார். பாட்டின் பெயர் 'ருவிஸ்டட்'. 1957இல் லம்பேட், ஹென்ட்றிக்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து, கவுண்ட் பேசியின் வாத்தியக் குழு முழுவதையும் மூன்று குரலால் பாடி ஒலித்தட்டாக்கினார்கள். குரலை மேலே மேலே பதிந்து பதிந்து செய்த வேலை. நான் கேட்டபோது நம்பவில்லை.

புகழ் வந்தது, ஹெரோயினும் வந்தது. 1962இல் குழுவை விட்டு லண்டனில் தங்கிவிட்டார். அந்த இடத்துக்கு யார் போனது தெரியுமோ? கொழும்பில் பிறந்த யோலண்ட் பவான்! எங்கட தீவுப் பிள்ளை. இதை நான் ஒருவரிடமும் கேள்விப்பட்டதில்லை.

ஆனி பழக்கத்தை விட்டு மீண்டார். 1964இல் லண்டனில் 'ஆனிஸ் றூம்' என்று கிளப் திறந்தார். 'சூப்பர்மேன்' மூன்றாம் படத்தில் இயந்திரமாக மாறுகிற பெண்ணும் இவர்தான், பிள்ளைகளே. எண்பது தாண்டியும் பாடினார்.

எனக்கு அந்த 14 வருடம்தான் மனதில் நிற்கிறது. என்னையும் பதினெட்டு முடிய, உயிர் தப்பினால் போதும் என்று தனியாக அனுப்பினார்கள். அம்மாவைப் பிறகு கண்டது 12 வருடம் கழித்து, சென்னையில். கட்டிப்பிடித்து அழுதோம். அடுத்த நாள் காலை தேத்தண்ணி போட்டவ கரண்டியோடு நின்று, "தம்பி, உனக்குச் சீனி எவ்வளவு?" என்று கேட்டா. அழுததைவிட அதுதான் எனக்குத் தாங்கேலாமல் போனது.

போன வருடம் பாரிஸில் இருக்கிற அக்கா, "மகளை என்னட்ட விடு, நல்ல குரல், இங்க பெரிய குருவிட்ட விடுறன்" என்றா. நல்ல மனதோடுதான் கேட்டா. நான் மாட்டன் என்றேன். அக்கா இன்னும் என்னோடு கதைக்கிறேல்லை.

மகள் உள்ளே நிற்கிறாள். அடுத்தது அவளின்ர பாட்டு. மைக்கை விட்டுப் போகிறேன்.