துபாய் கழியின் கரையில்

 

துபாயில் ஆறு கிடையாது. ஆனால் ஆற்றங்கரை ஊர்போல ஒன்று உண்டு. கடல் நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் நீரை நம் நெய்தல் நிலத்தில் கழி என்பார்கள். அரபியில் கோர். நாம் க்ரீக் என்கிறோம். ஒரு கரை பர்துபாய், மறுகரை தேரா. நடுவே அப்ரா படகு, ஒரு திர்ஹம் கட்டணம்.

பர்துபாய்க் கரையில் 1787இல் கட்டிய அல் ஃபாஹிதி கோட்டை இருக்கிறது. 1971இல் அது அருங்காட்சியகமானது. பக்கத்தில், காற்றுக் கோபுரங்கள் கொண்ட பஸ்தகியா வீடுகள். ஈரானின் பஸ்தக் ஊரிலிருந்து வந்த வணிகர்கள் கட்டியவை. அவர்களும் நம்மைப்போலக் கடல் கடந்து பிழைக்க வந்தவர்கள்தாம்.

1980களில் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். மிச்சமும் போக இருந்தது. அப்போது துபாயில் இருந்த ரேய்னர் ஆட்டர் என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் இளவரசர் சார்லஸுக்குக் கடிதம் எழுதினார். 1989இல் துபாய் வந்த சார்லஸ் அந்தச் சந்துகளில் நடந்து பார்த்து, இவற்றைக் காக்க வேண்டும் என்றார். இடிப்பு நின்றது. ஒருவர் உட்கார்ந்து எழுதியதால் ஒரு தெரு பிழைத்தது.

இன்னொரு சந்தைப் பற்றிச் சொல்கிறேன். ஜவுளிக் கடைத்தெருவை ஒட்டி, பெரிய பள்ளிவாசலுக்கு அருகே, 1958 முதல் கோயில் இருந்த சந்து. வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்த காலத்தில் அங்கேதான் நாங்கள் மல்லிகைச் சரம் வாங்கினோம். கேம்ப்பில் இருக்கும் ஊர்க்காரரைப் பார்த்தோம். ஊருக்குப் போகிறவர் கையில் பொட்டலம் கொடுத்தனுப்பினோம். யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் குழந்தை பிறந்தது எல்லாம் அங்கேதான் தெரியும்.

2024 ஜனவரியில் அந்தக் கோயில் ஜெபல் அலிக்கு மாறியது. புதிய கோயில் விசாலமானது, அழகானது. பழைய சந்தில் நெரிசல் தாங்காது என்பதும் உண்மை. குறை சொல்ல வரவில்லை. சாமி இடம் மாறலாம், சந்திப்பு அப்படி மாறிவிடாது.

நமக்கு இங்கே விசா இருக்கும்வரைதான் இருப்பு. இடித்தாலும் காத்தாலும் அந்த முடிவு நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது எழுத்து மட்டும். அந்தச் சந்தில் யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். ஊர் திரும்பும் முன் எழுதுங்கள்.