திரும்பிய கப்பலுக்குக் கொடுத்த பணம்

(செங்கலடியில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நீங்கள் நெல்லை மூட்டை கட்டி, வண்டியேற்றி, நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியத்துக்குக் கொண்டு செல்கிறீர்கள். ஈரப்பதன் அதிகமென்றால் திருப்பி விடுகிறார்கள். திரும்பிய நெல்லுக்கு யாராவது உங்களுக்குப் பணம் தந்ததுண்டா? வண்டிக் கூலியாவது தந்ததுண்டா? இல்லை. ஆனால், கரையில் இறங்காமலே திரும்பிப் போன பசளைக்கு இந்த நாடு பணம் கொடுத்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

2021ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி ஒரு வர்த்தமானி வெளிவந்தது. இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இனி இந்நாட்டுக்குள் வரக்கூடாது என்றது. போடியாரையும் கேட்கவில்லை, வட்டை விதானையையும் கேட்கவில்லை, விவசாய விஞ்ஞானிகள் சொன்னதையும் செவிமடுக்கவில்லை. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்பதல்ல என் வழக்கு. மாட்டெருவின் அருமை உன்னிச்சைக் குளத்து நீரில் விதைப்பவனுக்குத் தெரியாததா? ஒரே போகத்தில் மண்ணை மாற்றிவிடலாம் என்று கொழும்பில் இருந்துகொண்டு நினைத்தார்களே, அதுதான் வழக்கு.

தடை போட்டாயிற்று, பசளை எங்கே? சீனத்து சிங்டாவோ சீவின் பயோடெக் என்னும் நிறுவனத்தோடு ஒப்பந்தமாயிற்று. மாதிரிகள் வந்தன. நமது தேசிய தாவரத் தொற்றுத்தடைக்காப்புச் சேவை அவற்றைச் சோதித்து, பயிரை அழுகச் செய்யும் ‘எர்வினியா’ என்னும் பக்டீரியா இருப்பதாக 2021 செப்டெம்பரில் சொல்லிற்று. சோதனை அனைத்துலக முறைப்படி நடக்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது. மறுக்கட்டும், அது வியாபாரியின் உரிமை. ஆனால் மாதிரி நிராகரிக்கப்பட்ட பின்னரும் ‘ஹிப்போ ஸ்பிரிட்’ என்னும் கப்பல் ஏறக்குறைய 20,000 தொன் சரக்குடன் நம் கடலுக்கு வந்து நின்றதே! பிறகு பெயரையும் மாற்றிக்கொண்டு உலவிற்று. கப்பலுக்கும் மாறுவேடம் உண்டென்று அன்றுதான் அறிந்தோம்.

அரச உரக் கம்பனி வர்த்தக மேல் நீதிமன்றத்தை நாடியது. நாணயக் கடிதத்தின்மீது 49 இலட்சம் டொலரைக் கொடுக்கலாகாது என்று மன்று மக்கள் வங்கியைத் தடுத்தது. வங்கி கட்டளைக்குப் பணிந்தது. என்ன நடந்தது? அக்டோபர் 29ஆந் திகதி சீனத் தூதரகம் அந்த வங்கியைக் கரும்பட்டியலில் சேர்த்ததாக அறிவித்தது. நீதிமன்றத்துக்குக் கீழ்ப்படிந்தது ஒரு வங்கியின் குற்றமாயிற்று! அதோடு நின்றதா? தாவரச் சேவையின் அதிகாரி ஒருவரிடமே 80 இலட்சம் டொலர் நட்டஈடு கேட்டு நிறுவனம் கடிதம் அனுப்பியது. நுண்ணோக்கியில் கண்டதைச் சொன்ன சம்பளக்காரரிடம் 80 இலட்சம் டொலர்! இங்கே அமர்ந்திருக்கும் உத்தியோகத்தர்கள் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது எதற்காக?

கப்பல் டிசெம்பரில் போய்விட்டது. 2022 சனவரியில் 67 இலட்சத்துக்குக் குறையாத அமெரிக்க டொலரை மக்கள் வங்கி அந்த நிறுவனத்துக்குச் செலுத்தியது. கரும்பட்டியலும் நீங்கிற்று. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லையென்று நாடு தவித்துக்கொண்டிருந்த மாதம் அது.

வங்கித் தொழிலறிந்தவர்கள், ‘நாணயக் கடிதம் பத்திரத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பது, பண்டத்தைப் பார்த்தல்ல’ என்பார்கள். உண்மைதான். அதனால்தான் பத்திரத்தில் எழுதும்போதே கண் வேண்டும். நம் தாவரச் சேவையின் அனுமதி இல்லாமல் பணம் இல்லை என்று முதலிலேயே அசையாமல் கட்டியிருந்தால், பின்னர் மன்றேறி மன்றாட வேண்டியதில்லை. ஒத்திக்குக் காணி கொடுக்கும் நம் முதியவர்கள் எழுத்தறியாவிட்டாலும், உறுதியைப் பிறர் வாயால் மும்முறை படிக்கக் கேட்டுவிட்டுத்தான் பெருவிரல் வைப்பார்கள்.

பத்திரிகைகளைப் பற்றியும் ஒரு சொல். கப்பல் எங்கே நிற்கிறது, பீக்கிங் என்ன நினைக்கிறது, டில்லி என்ன நினைக்கிறது என்று நாள்தோறும் எழுதினார்கள். அதே நாட்களில் மஞ்சளித்து நின்ற வேளாண்மையைப் பார்க்க வந்தவர் சிலரே. தடை நவம்பரில் நீங்கிற்று. பயிருக்கு நவம்பர் காத்திருக்குமா? பெரும்போகம் வீழ்ந்தது. நெல் விளையும் நாடு அரிசியை இறக்கியது. 2022இல் இந்தியக் கடனில் வந்த யூரியா 50 கிலோ மூட்டை 10,000 ரூபா என்றார்கள்; அதற்கும் கமநல சேவை நிலையத்து வாசலில் வரிசை!

நான் இச்சபையில் கேட்பது இரண்டு. அந்தப் பணத்தைக் கொடுக்கச் செய்த இணக்கத்தின் முழு வாசகத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். இரண்டாவது, அந்தப் பெரும்போகத்தில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை குறைந்ததென்று ஒவ்வொரு வட்டையிலும் கணக்கெடுங்கள். கணக்குக் கொப்பி நம் போடியார்களிடம் இருக்கிறது. கேட்க ஆள்தான் வரவேண்டும்.